நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு

முப்பத்தெட்டு சதவீதம் என்று திரையில் சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. அதைப் பார்த்த மாத்திரத்தில் நூலகர் கலேனா முடிவு கட்டிவிட்டாள். இன்னொரு திருட்டு.

ஜூன் பிறந்தால் பல்கலைக்கழக நூலகத்துக்கு இதுதான் வேலை. பட்டம் வாங்கப்போகிற ஒவ்வொரு பிள்ளையின் ஆய்வேட்டையும் ஒப்புமை பார்க்கிற மென்பொருளில் போட வேண்டும். அது உலகத்தில் உள்ள கட்டுரைகளோடெல்லாம் ஒத்துப்பார்த்து ஒரு எண்ணைத் துப்பும். முப்பதுக்குக் கீழே என்றால் நூலக முத்திரை. மேலே என்றால் முத்திரை இல்லை, ஜூலையில் தேர்வுக்குழு முன்னால் நிற்கவும் முடியாது. கலேனாவின் அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. சொந்தமாக ஒரு பத்தி எழுத வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவள் என்பதால், எடுத்து ஒட்டுகிற பிள்ளைகள்மேல் அவளுக்கு இரக்கம் என்பதே கிடையாது.

ஆனால் இந்தப் பெயரை இன்னொரு முறை படித்தாள். பிலியானா. நூலகத்தின் இணையதளத்தில் மாணவர்கள் கேள்வி கேட்க ஒரு சாட் பெட்டி உண்டு. எல்லோரும் அதை ஜன்னல் என்பார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்வது கலேனா. எட்டு மாதமாக ஜன்னலை அதிகம் தட்டியவள் பிலியானாதான். அந்தக் காலச் செய்தித்தாள் எங்கே கிடைக்கும், இந்தச் சுருக்கெழுத்துக்கு என்ன அர்த்தம், வேறு ஊரிலிருந்து தொகுப்பை வரவழைக்க முடியுமா என்று ஓயாத கேள்வி. அவளுமா?

கலேனா ஜன்னலிலேயே தட்டி அனுப்பினாள். "முப்பத்தெட்டு. முத்திரை கிடையாது. எங்கேர்ந்து எடுத்தேன்னு நீயே சொல்லிடு, நானா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி."

கால் மணி நேரத்தில் பிலியானா மேசை முன்னால் நின்றாள். கையில் சாக்லேட் பெட்டி. முத்திரை வாங்க வருகிறவர்கள் கொண்டுவருவது வழக்கம், அவளும் வாங்கி வைத்திருந்திருக்கிறாள். இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எதையும் எடுக்கலக்கா," என்றாள்.

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. உக்காரு."

அறிக்கையைத் திறந்தார்கள். முப்பத்தெட்டில் ஏழு ஒன்றுமில்லாதது, பழைய சட்ட வாசகங்களும் மேற்கோள்களும்தான். மிச்சம் முப்பத்தொன்றும் ஒரே இடம். வரலாற்றுப் புலத்தின் ஆண்டு மலரில் மே மாதம் வந்த கட்டுரை. தலைப்பு: ஓடிப்போன வேலைக்காரப் பெண்கள், 1890களின் செய்தித்தாள் அறிவிப்புகள். எழுதியவர் பேராசிரியர் கரதீமோவ்.

கரதீமோவ்தான் பிலியானாவுக்கு வழிகாட்டி.

"இந்தக் கட்டுரைய நீ பாக்கவே இல்லியா?"

"மார்ச்சுலயே நூல் பட்டியல முடிச்சிட்டேங்க்கா. அதுக்கப்பறம் பாக்கல."

அங்கேதான் அவள் தவறியிருந்தாள். அந்தப் புலத்தில் எந்த ஆய்வேட்டை எடுத்தாலும் நூல் பட்டியலில் வழிகாட்டியின் எழுத்து குறைந்தது மூன்றாவது இருக்கும். படித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை, இருக்க வேண்டும், அவ்வளவுதான். கெட்டிக்காரப் பிள்ளைகள் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முதல் நாள்கூட வழிகாட்டி புதிதாக ஏதாவது வெளியிட்டிருக்கிறாரா என்று பார்த்துச் சேர்த்துவிடுவார்கள். கலேனாவே தன் காலத்தில் ஐந்து புத்தகங்களை அட்டையைக்கூடப் பார்க்காமல் சேர்த்தவள். பிலியானா தன்னிடம் இருந்த இரண்டைப் போட்டுவிட்டு, வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள். அந்தப் பழக்கத்தைச் சொல்லித்தர அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா இத்தாலியில் யாரோ ஒரு கிழவிக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டிவிடுகிற வேலையில் இருக்கிறாள்.

கட்டுரையை இருவரும் சேர்ந்து படித்தார்கள். படிக்கப் படிக்கக் கலேனாவின் காது சூடேறியது. வீட்டு வேலைக்கு வைத்த பெண் ஓடிவிட்டாள், கண்டவர் பிடித்துத் தருக என்று எஜமானர்கள் கொடுத்த அறுபத்துமூன்று அறிவிப்புகள். பிலியானா ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. அதே அறுபத்துமூன்று, அதே வரிசை. முத்தாய்ப்பாக அந்த ஒன்று. ஸ்தோய்னா என்கிற பெண், தன்னை ஓடிப்போனவள் என்று அச்சிட்ட எஜமானருக்கு அதே வாராந்தரியில் கொடுத்த பதில். நான் ஓடவில்லை, விலகினேன், நடுப்பகலில் முன்வாசல் வழியாகப் போனேன், தெருவே பார்த்தது. பிலியானா இதைக் கண்டுபிடித்த அன்று ஜன்னலில் வெறும் ஆச்சரியக்குறிகளாக ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

கரதீமோவின் கட்டுரையில் அதன் தேதி இப்படி இருந்தது: பழைய கணக்கில் 20 பிப்ரவரி 1897, புதிய கணக்கில் வெள்ளிக்கிழமை 5 மார்ச்.

கலேனா அந்த வரியிலேயே நின்றுவிட்டாள்.

அந்த நாட்டில் 1916 வரை பழைய நாள்காட்டிதான். பழைய தேதியைப் புதிதாக மாற்ற, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பன்னிரண்டு நாள் கூட்ட வேண்டும், இருபதாம் நூற்றாண்டுக்குப் பதின்மூன்று. வரலாறு படித்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, அவசரத்தில் எல்லோரும் தவறுகிற கணக்கு. பன்னிரண்டு கூட்டினால் மார்ச் 4 வரும். 5 வராது. அது போக, அந்த வாராந்தரி வியாழக்கிழமைதோறும் வந்தது என்று கரதீமோவே நாலு பக்கத்துக்கு முன்னால் எழுதியிருந்தார். வியாழக்கிழமைப் பத்திரிகைக்கு வெள்ளிக்கிழமைத் தேதி.

அவள் ஜன்னலின் பழைய உரையாடல்களைத் திறந்தாள். நவம்பர் 14, உரையாடல் எண் 4417. அந்த வருடத் தொகுப்பு நாட்டிலேயே ஒரு நூலகத்தில்தான் இருந்தது, அதுவும் நானூறு கிலோமீட்டர் தள்ளி. கலேனா கேட்டு வாங்கிய ஸ்கேன் அன்று காலையில் வந்தது. அதை பிலியானாவுக்கு அனுப்பினாள். பிலியானா கேட்டிருந்தாள், "அக்கா, இது புதுக் கணக்குல என்ன தேதி?" கலேனா பதில் போட்டிருந்தாள், "பதிமூணு கூட்டு. மார்ச் 5."

பக்கத்தில் யாரோ பிரிண்டருக்குத் தாள் கேட்டுக்கொண்டு நின்ற ஞாபகம்கூட வந்தது. அந்த அவசரத்தில் போட்ட பதின்மூன்று. ஜன்னல் வழியாகப் பிலியானாவிடம் போய், டிசம்பரில் அவள் கொடுத்த வரைவின் வழியாகப் பேராசிரியரின் மேசைக்குப் போய், மே மாதத்தில் பளபளப்பான தாளில் அச்சேறியிருந்தது. அவர் தன் பங்குக்குச் செய்தது, வெள்ளிக்கிழமையைச் சேர்த்தது ஒன்றுதான்.

"தப்பு என்னோடது," என்றாள் கலேனா. "என் தப்பத் திருடியிருக்கான் அந்த ஆளு."

மறுநாள் பிலியானா கரதீமோவைப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. கலேனாவுக்கு அதைத்தான் தாங்கவே முடியவில்லை.

அவர் கோபப்படவில்லையாம். நாற்காலி போட்டு, காபி தந்து, மிகவும் அன்பாகப் பேசினாராம். அங்கே பேராசிரியர்கள் மாணவர்களைச் சகா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளமில்லாத சகா. 'சகா, இதுல பயப்பட என்ன இருக்கு? உன்னோட தலைப்ப நான் பெரிய மேடைக்குக் கொண்டுபோயிருக்கேன், நீ பெருமைப்படணும்' என்றாராம். தீர்வும் அவரே சொல்லியிருக்கிறார். ஒத்துப்போகிற ஒவ்வொரு பத்திக்கும் கீழே அடிக்குறிப்புப் போட்டு அவர் கட்டுரையைக் குறிப்பிட வேண்டியது. மேற்கோள் காட்டிய பகுதியை மென்பொருள் கணக்கில் சேர்க்காது. முப்பத்தெட்டு ஏழாகிவிடும். எல்லோருக்கும் சுபம்.

கலேனா பேனாவை மேசையில் வைத்தாள். எறிந்தாள் என்றும் சொல்லலாம்.

"நீ கண்டுபிடிச்சத, அவர்கிட்டேர்ந்து எடுத்தேன்னு நீயே எழுதிக் குடுக்கணும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"செய்யப்போறியா?"

"செப்டம்பர்ல ஆவணக் காப்பகத்துல வேலை இருக்குக்கா. ஆகஸ்டுக்குள்ள பட்டம் கையில இருந்தாத்தான் சேத்துப்பாங்க. எங்கம்மா மூணு வருஷத்துல முத தடவையா லீவு வாங்கி டிக்கெட் போட்டிருக்கா. நான் என்ன செய்யணுங்கறீங்க?"

"சண்ட போடணுங்கறேன்."

"உங்களுக்கென்ன, உங்ககிட்ட பட்டம் இருக்கு. கோவப்படக் கட்டுப்படி ஆகுது. எனக்கு ஆகல."

பிலியானா போன பிறகு வெகுநேரம் உள்ளுக்குள்ளேயே அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், பிறகு தன்னோடு. அந்தப் பெண்ணைக் கோழை என்று நினைக்க ஆசையாக இருந்தது, ஆனால் முடியவில்லை. அறுபத்துமூன்று அறிவிப்புகளுக்காகத் தூசியில் நாள்கணக்காக உட்கார்ந்தவள் கோழை இல்லை. வேறொருவர் பெயரில் நடக்கிற கடையில் உழைத்துவிட்டு, தன் சொந்தச் சரக்கை அதே கடையில் வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள் அவளை. அதையும் நன்றி சொல்லி வாங்க வேண்டும்.

கலேனா நூலக இயக்குநர் அறைக்குப் போனாள். இயக்குநர் கினா வுல்கோவா தயிர் பானத்தோடு பனிட்சா தின்றுகொண்டிருந்தார். பாலாடைக்கட்டி வைத்த அந்த அடுக்குரொட்டியின் பொருக்கு மேசையெல்லாம் சிதறியிருந்தது. கெட்ட மனுஷி இல்லை. நூலகத்துக்குப் புது வெப்பமூட்டி வேண்டுமென்று ஆறு வருடமாகப் புலத்தலைவர் வாசலில் நின்றதில் முதுகு கொஞ்சம் வளைந்துபோனவர், அவ்வளவுதான். கலேனா சொன்னதையெல்லாம் கேட்டார். பொருக்கைக் கையால் கூட்டி ஒரு ஓரமாக ஒதுக்கினார்.

"ஜன்னல் உரையாடல்லாம் என்னைக்கு அழிக்கணும்?"

"ஜூன் முப்பதுங்க மேடம். விதிப்படி."

"இந்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே அழிச்சிடு."

"மேடம், அதுல சாட்சி இருக்கு."

"அதுல உன் தப்பும் இருக்கு, கண்ணு. நூலகம் ஒரு மாணவிக்குத் தப்பான தேதி குடுத்துச்சுன்னு நீயே ஊரக் கூட்டிச் சொல்லப்போறியா? அப்பறம் அந்த ஜன்னலே எதுக்குன்னு கேப்பாங்க. மூடுவாங்க. நீ எங்க போவ?"

"தப்புப் பண்ணவ நான். ஒத்துக்கறேன். திருடுனவரு யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"அந்த வார்த்தைய இந்த ரூம்ல சொல்லாத," என்றார் வுல்கோவா. அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, களைப்பு. அதுதான் கலேனாவை இன்னும் எரித்தது. திருடியவருக்குக் களைப்பில்லை, காபி போட்டுத் தருகிறார். மற்ற எல்லோரும்தான் களைத்துப்போயிருக்கிறார்கள்.

உரையாடலின் நகலை அவளாக எடுத்து யாருக்கும் கொடுக்க முடியாது, வேலை போய்விடும். ஆனால் ஜன்னலின் விதிகளை எழுதியவளே அவள்தான். உரையாடல் மாணவருடையதும்கூட. மாணவர் எழுத்துமூலம் விண்ணப்பித்து, அலுவலகப் பதிவேட்டில் வரவு எண் விழுந்துவிட்டால், பதில் கொடுக்கிறவரை அதை அழிக்கக் கூடாது. எட்டாவது பிரிவு. இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை, யாரும் விதிகளைப் படிப்பதில்லை.

மாலையில் படிக்கட்டில் பிலியானாவைப் பிடித்தாள். சண்டை போடு என்று இந்த முறை சொல்லவில்லை. எட்டாவது பிரிவை மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, "வேணும்னா செய். வேணாம்னா விட்டுடு, நான் உன்ன ஒண்ணும் நினைக்க மாட்டேன்," என்றாள். அது பொய். நினைப்பாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு விண்ணப்பத்துக்கு எண் விழுந்தது. பதினொன்றுக்கு ஜன்னல் தட்டப்பட்டது. பிலியானா கேட்டிருந்தாள்: "அக்கா, நூலகத்தோட உரையாடல அடிக்குறிப்புல எப்படிக் குறிப்பிடறது? அதுக்கு முறை இருக்கா?"

கலேனா பதில் தட்ட ஆரம்பித்தாள். அடுத்த வரியும் வந்தது.

"அவரைக் குறிப்பிடணும்னுதானே சொன்னாரு. குறிப்பிடறேன். எல்லாத்தையும் குறிப்பிடறேன்."

மூன்று நாள் அதற்கே போயிற்று. பிலியானா எழுதுவாள், கலேனா அடித்துத் திருத்துவாள், பிலியானா திருப்பி எழுதுவாள். கலேனா எழுதிப்பார்த்த வாசகத்தில் வசை அதிகம். திருடர் என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. பிலியானா மூன்றையும் எடுத்துவிட்டாள். "இது வேணாங்க்கா. தேதி மட்டும் போதும்," என்றாள். கடைசியில் நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு இப்படி வந்து நின்றது:

'இவ்வறிவிப்பின் நகல் நவம்பர் 14 அன்று நூலக ஆய்வு உதவி ஜன்னல் வழியாக எனக்குக் கிடைத்தது. உரையாடல் எண் 4417. புதிய கணக்கில் தேதி மார்ச் 5 என நூலகர் கலேனா மின்சேவா அன்று தவறாகத் தெரிவித்தார். டிசம்பர் 9 அன்று வழிகாட்டியிடம் அளித்த வரைவில் நானும் அவ்வாறே எழுதினேன். பேராசிரியர் கரதீமோவின் மே மாதக் கட்டுரை, பக்கம் 118, அதே தேதியைத் தருகிறது. சரியான தேதி மார்ச் 4, வியாழன்.'

ஒத்துப்போன மற்றப் பதின்மூன்று இடங்களிலும் ஒரே வாசகம்: கரதீமோவ், மே மாதக் கட்டுரை, காண்க அடிக்குறிப்பு 47.

மென்பொருள் ஏழு சதவீதம் என்றது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்றுதான் விதி. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்பதைப் பற்றி விதிக்குக் கவலையில்லை. கலேனா முத்திரையை எடுத்து, மையில் தோய்த்து, கொஞ்சம் வேண்டியதற்கு மேலேயே அழுத்திக் குத்தினாள்.

இன்னும் வழிகாட்டியின் கையெழுத்து வேண்டியிருந்தது. கலேனாவுக்கு அங்கேதான் பயம். ஆனால் கரதீமோவ் கடைசிப் பக்கத்தைத் திருப்பி நூல் பட்டியலைப் பார்த்தார், தன் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. பக்கங்களை விரலால் ஓட்டியபடி அடிக்குறிப்புகளைப் பார்த்தார், பதினான்கு இடத்தில் இருந்தது. 'நல்லது, சகா' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அவர் படிக்கவில்லை. அதைக் கேட்டபோது கலேனாவுக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரமே அதிகம் வந்தது. திருடுவதற்குப் படிக்க நேரம் இருந்தது அவருக்கு, கையெழுத்துப் போடப் படிக்க நேரமில்லை.

படித்தவர் ஒருவர் இருந்தார். ஆய்வேட்டுக்கு மதிப்புரை எழுத நியமிக்கப்பட்ட சட்ட வரலாற்று விரிவுரையாளர் தொனேவா.

ஜூலை இரண்டாம் வாரம், இரண்டாம் மாடி, ஜன்னலெல்லாம் திறந்தும் புழுங்குகிற அறை. தேர்வுக்குழுவில் மூன்று பேர், ஓரத்தில் கரதீமோவ். பின்வரிசையில் கலேனா அரைநாள் விடுப்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் வெயிலில் கறுத்த ஒரு நடுவயதுப் பெண், புது உடுப்பு, மடியில் பெரிய பூங்கொத்து. பிலியானாவின் அம்மா. மகள் பேசிய இருபது நிமிடமும் அவள் மகளைப் பார்க்கவில்லை, குழுவின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிழைப்புக்காக அடுத்தவர் முகத்தைப் படித்துப் பழகிய பார்வை.

தொனேவா மதிப்புரையை வாசித்தார். பாராட்டியே வாசித்துக்கொண்டு வந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு ஒரே ஒரு கேள்வி. அது மாணவிக்கு இல்ல, வழிகாட்டிக்கு. நாப்பத்தேழாவது அடிக்குறிப்பு."

அவர் அதை முழுசாக வாசித்தார்.

கரதீமோவ் சிரித்தார். நல்ல சிரிப்பு, பழகிய சிரிப்பு. பன்னிரண்டா பதின்மூன்றா என்பது எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் என்றார். தானும் தனியாகத் தடுக்கியிருக்கலாம், இரண்டு பேர் ஒரே கல்லில் தடுக்குவது குற்றமா என்றார். ஓர் இளம் சகாவின் ஆர்வக்கோளாறை மன்னிக்கத் தனக்கு மனசு இருக்கிறது என்றார்.

"தாராளமா," என்றார் தொனேவா. "நீங்க பாத்த மூலம் எங்க இருக்கு, பேராசிரியரே?"

"நம்ம ஊர்க் காப்பகத்துலதான். இருபது வருஷமா நான் அங்கதானே உக்காந்திருக்கேன்."

கலேனா எழுந்துவிட்டாள். எழ வேண்டும் என்று திட்டமில்லை, கால்தான் எழுந்தது.

"97ஆம் வருஷத் தொகுப்பு நம்ம ஊர்ல இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. அந்த ஒரு பக்கம் இந்த ஊருக்குள்ள வந்தது என்னோட மெயில்லதான்."

குழுத்தலைவர் திரும்பிப் பார்த்தார். "உங்கள யாரும் கேக்கலியே, அம்மணி."

"தெரியும். கேக்க மாட்டீங்கன்னுதான் வந்தேன். பதிமூணு கூட்டச் சொன்னது நான். அந்தத் தப்பு என்னோடது, வேற யாரும் சொந்தம் கொண்டாட வேணாம்."

வெளியே போகச் சொன்னார்கள், போனாள். குழு கதவைச் சாத்திக்கொண்டது. வழக்கமாகப் பத்து நிமிடம் ஆகும். நாற்பது ஆயிற்று. கதவு திறந்தபோது பிலியானாவுக்கு ஆறுக்கு நாலரை. ஆய்வு அவளுடைய பெயரில், அவளுடைய கண்டுபிடிப்பாக, அடிக்குறிப்போடு ஏற்கப்பட்டது. ஒன்றரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணமும் எழுதியிருந்தார்கள்: சில அடிக்குறிப்புகளின் தொனி போதிய பணிவோடு இல்லை.

கரதீமோவைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை.

நடைவழியில் இன்னொன்றும் நடந்தது. வழிகாட்டிக்குப் பூங்கொத்து தருவது மரபு. இத்தாலியிலிருந்து பஸ்ஸில் முப்பது மணி நேரம் வந்த அந்த அம்மாவுக்கு உள்ளே பேசியது பாதிதான் புரிந்திருந்தது, மரபு மட்டும் முழுசாகத் தெரியும். கரதீமோவ் வெளியே வந்ததும் முன்னால் போய் இரண்டு கையாலும் பூவை நீட்டி, என் பொண்ணப் படிக்கவெச்சீங்களே என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்சம் தலைகூடக் குனிந்தார்.

கலேனா வாயைத் திறப்பதற்குள் பிலியானா நடந்து போய் அவர் கையிலிருந்து பூங்கொத்தை எடுத்தாள். பிடுங்கவில்லை. பஸ்ஸில் ஆள் மாற்றிக் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பி வாங்குகிற மாதிரி எடுத்தாள்.

"மன்னிக்கணும் சார். அம்மாவுக்கு ஆள் தெரியல," என்றாள். பூவை அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அத்தோடு எல்லோரும் அதை முடித்துக்கொள்ளத்தான் பார்த்தார்கள். அடுத்த திங்கட்கிழமை கலேனா ஆண்டு மலரின் இணையப் பதிப்பைத் திறந்தபோது கரதீமோவின் கட்டுரையில் தேதி மாறியிருந்தது. வியாழக்கிழமை, 4 மார்ச். திருத்தம் என்று ஒரு வரி கிடையாது, யார் சொல்லித் திருத்தியது என்று கிடையாது. பிலியானாவிடமிருந்து திருத்தத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டார். கலேனா எழுந்து, படிகளில் இறங்கி, வாசலுக்குப் போய், நின்று, திரும்பி வந்தாள். வேறு என்ன செய்வதென்று அப்போது தெரியவில்லை.

புதன்கிழமை வுல்கோவா கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். புலத்தலைவர் வற்புறுத்தினார், தன்னால் தடுக்க முடியவில்லை என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எழுத்துமூல எச்சரிக்கை. கலேனா நின்றபடியே படித்தாள்.

'நவம்பர் 14 அன்று, உரையாடல் எண் 4417இல், 1897ஆம் ஆண்டு அறிவிப்பொன்றின் தேதியை மார்ச் 5 எனப் பயனாளி பிலியானாவுக்குத் தவறாகத் தெரிவித்தமைக்காக, நூலகர் கலேனா மின்சேவா எச்சரிக்கப்படுகிறார்.'

இவ்வளவு நடந்ததில் தண்டனை வாங்கிய ஒரே ஆள் அவள்தான். தாளைக் கிழித்து அந்த மேசைமேலேயே போட வேண்டும் போலிருந்தது. இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை இன்னும் மெதுவாகப் படித்தாள். பல்கலைக்கழகம் தன் கையால், தன் முத்திரையோடு, அந்தத் தவறு எந்த நாளில், யாரிடமிருந்து, யாருக்குப் போயிற்று என்று எழுதியிருந்தது. இனி ஜன்னலின் உரையாடல்களை எத்தனை முறை அழித்தால் என்ன?

"கையெழுத்துப் போடறேன் மேடம்," என்றாள். "ரெண்டு பிரதி வேணும். பதிவேட்டு எண் போட்டு."

"எதுக்கு கண்ணு? சத்தமில்லாம ஃபைல்ல வெச்சிடலாம்."

"எண் இல்லாமப் போட மாட்டேன்."

வுல்கோவா அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். மெல்ல அதை எடுத்துத் தானும் ஒரு தடவை படித்தார். புரிந்தது அவர் கண்ணில் தெரிந்தது. தாளைத் திருப்பி இழுப்பறைக்குள் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு கணம் இருந்தது. அவர் மணியை அடித்து எழுத்தரைக் கூப்பிட்டு, "இதுக்கு நம்பர் போட்டுக் குடுப்பா," என்றார்.

தன் மேசைக்கு வந்ததும் கலேனா அதை ஸ்கேன் செய்தாள். மலரின் அச்சுப் பிரதி நூலக அலமாரியில் இருந்தது, அதை யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாது. நூற்றுப்பதினெட்டாம் பக்கத்தையும் ஸ்கேன் செய்தாள். இரண்டையும் ஆண்டு மலரின் ஆசிரியர் குழுவில் வெளியூர் ஆட்கள் உட்பட ஒன்பது பேருக்கும் அனுப்பினாள், பிலியானாவுக்கும் ஒரு பிரதி. கடிதம் மூன்றே வரி. இந்தத் தவறை நான் செய்தேன், தண்டனையும் வாங்கிவிட்டேன், எண் மேலே உள்ளது. இது உங்கள் பேராசிரியரின் கட்டுரைக்குள் எப்படி வந்தது? எழுத்தில் பதில் வேண்டும்.